பழைய மோட்டார் வண்டிகளில் ஆறு சிலிண்டர் எஞ்சினை மாற்றியமைத்தல்

1928-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள், பம்பாயில் சிவ்ரி என்னும் பகுதியில் அமைந்திருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையிலிருந்து இந்தியாவில் பூட்டப்பட்ட முதல் செவர்லே கார் வெளிவந்தது. அதன் எஞ்சின் நான்கு சிலிண்டர்களைக் கொண்டது. அடுத்த மாதிரியில், அதாவது 1929-ஆம் ஆண்டுக்குரிய வண்டிகளில், ஆறு சிலிண்டர் எஞ்சின் இடம்பெற்றது. நான்கு சிலிண்டர் வண்டியின் விலைக்கே ஆறு சிலிண்டர் வண்டி என்று அமெரிக்காவில் அந்நிறுவனம் விளம்பரம் செய்தது. அந்த எஞ்சினும் அதன் வழிவந்தவையும் மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் உற்பத்தியாயின. நம் நாட்டில் அந்நிறுவனம் 1954-இல் வண்டி பூட்டும் வேலையை நிறுத்தும் வரை கார்களும் லாரிகளும் அவ்வெஞ்சினுடன் ஓடின. இரண்டாம் உலகப் போரின்போது கனடாவில் செய்யப்பட்ட இராணுவ செவர்லே லாரிகளிலும் இதுவே இருந்தது.

இவ்வண்டிகளுள் இன்று எஞ்சியிருப்பவை சிலவே. அவற்றை வைத்திருப்போர் அனைவரும் ஒருநாள் ஒரே கேள்வியைச் சந்திக்கின்றனர்: தேய்ந்துபோன பழைய எஞ்சினைச் செப்பனிட்டு ஓட்டுவதா, அல்லது அதே குடும்பத்தில் பின்னர் பிறந்த எஞ்சின் ஒன்றைத் தேடி ஏற்றுவதா? அமெரிக்காவில் இது பல ஆண்டுகளாகவே வழக்கமான வேலை. பட்டறைக்காரர் 'எஞ்சினை இறக்குவது' என்று மிக எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். இறக்குவது எளிதுதான், எதை ஏற்றுவது என்பதில்தான் அறிவு வேண்டியிருக்கிறது.

அமெரிக்கர் இவ்வெஞ்சினுக்கு 'ஸ்டோவ்போல்ட்' என்று செல்லப்பெயர் வைத்தனர். எஞ்சினின் மூடிகளைப் பிடித்திருந்த திருகாணிகள், அவர்கள் வீட்டு இரும்பு அடுப்புகளில் இருந்தவற்றைப் போலத் தலையில் பிளவு கொண்டவையாக இருந்தமையே காரணம். இதனை 'அடுப்பாணி எஞ்சின்' என்று மொழிபெயர்க்கலாம். ஆனால் ஆணியே இல்லாத மண் அடுப்பில் சமைத்து வளர்ந்த நமக்கு அது ஒன்றையும் உணர்த்தாது. ஆகவே பெயரை அப்படியே விட்டுவிடுகிறேன்.

ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்களை நிறுத்துவதில் ஓர் இயற்பியல் நயம் உண்டு. வகுப்பறையில் சொல்லத் தக்கது. நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சுழற்சி முடியக் கிராங்க் தண்டு இருமுறை, அஃதாவது 720 பாகை, சுழல வேண்டும். அதனை ஆறால் வகுத்தால் 120 பாகைக்கு ஒருமுறை வெடிப்பு நிகழ்கிறது. கிராங்க் தண்டின் முழங்கைகளும் 120 பாகை இடைவெளியிலேயே அமைந்துள்ளன. முன்னுள்ள மூன்றின் அமைப்பைக் கண்ணாடியில் பார்த்தாற்போலப் பின்னுள்ள மூன்றும் அமைகின்றன. ஆகவே மேலும் கீழும் ஓடும் பிஸ்டன்களின் விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து கொள்கின்றன. நான்கு சிலிண்டர் எஞ்சினில் எஞ்சி நிற்கும் அதிர்வு இதில் இல்லை. செவர்லே எஞ்சினில் வெடிப்பு வரிசை 1-5-3-6-2-4 என்பதாகும்.

இக்குடும்பத்தில் உறுப்பினர் பலர். அவர்களைக் கன அங்குல எண்ணாலேயே அழைப்பது வழக்கம். 1929-இல் வந்தது 194. 1937-இல் எஞ்சின் புதிதாக வகுக்கப்பட்டு 216 ஆயிற்று. கிராங்க் தண்டைத் தாங்கும் முதன்மை பேரிங்குகள் மூன்றிலிருந்து நான்காக உயர்ந்தன. 1941-இல் கனத்த லாரிகளுக்கென 235 வந்தது. 1950-இல் தானியங்கி கியர் பெற்ற கார்களிலும் அது புகுந்தது. 1954-இல் லாரிகளுக்கு 261 கிடைத்தது. இவ்வெண்களை மாணவர்களே கணக்கிட்டுச் சரிபார்க்கலாம். 216-இன் துளை விட்டம் 3½ அங்குலம், பிஸ்டனின் வீச்சு 3¾ அங்குலம். மீட்டர் முறையில் 8.89 செ.மீ., 9.525 செ.மீ. ஆகும். துளையின் பரப்பை வீச்சால் பெருக்கி, ஆறால் பெருக்கினால் ஏறத்தாழ 3,547 கன செ.மீ. வரும். 235-இல் துளை 3 9/16 அங்குலம், வீச்சு 3 15/16 அங்குலம். கொள்ளளவு ஏறத்தாழ 3,859 கன செ.மீ. 261-இல் வீச்சு அதுவே. துளை மட்டும் 3¾ அங்குலமாகப் பெரிதாயிற்று.

எண்ணெய் செல்லும் வழி

எஞ்சினை மாற்ற விரும்புவோர் முதலில் கேட்பது குதிரைத்திறனைப் பற்றியே. 1937-இல் 216 தந்தது 85 குதிரைத்திறன். 1954-ஆம் ஆண்டு லாரிகளில் 235-க்கு 112 என்றும், 261-க்கு 135 என்றும் நிறுவனம் குறித்தது. இவை விசிறி முதலிய துணைக்கருவிகளின் சுமை இன்றி அளக்கப்பட்டவை; வண்டியில் பூட்டியபின் சக்கரத்துக்குக் கிடைப்பது குறைவே. ஆயினும் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுவன்று என்பது என் கருத்து. கனெக்டிங் ராடின் பெரிய முனையிலுள்ள பேரிங்குக்கு எண்ணெய் எவ்வழியாக வந்து சேர்கிறது என்பதே முதற்கேள்வி.

216-இல் முதன்மை பேரிங்குகளுக்குப் பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்புகிறது. அதன்பின் வழி அடைபட்டு விடுகிறது. கிராங்க் தண்டினுள்ளே ராடு பேரிங்குவரை செல்லும் துளை கிடையாது. அதற்கு மாறாக, ஒவ்வொரு ராடின் அடிமூடியிலும் சிறு கரண்டி போன்ற ஓர் உறுப்பு நீண்டிருக்கிறது. கீழே எண்ணெய்த் தட்டில் அதற்கு நேராக ஒரு குழி. குழியில் எண்ணெய் நிரம்பி நிற்கும். ராடு கீழிறங்கும் ஒவ்வொரு முறையும் கரண்டி எண்ணெயை அள்ளிப் பேரிங்குக்குள் தள்ளுகிறது. வேகம் கூடும்போது சிறு குழல்களிலிருந்து பாயும் எண்ணெய்த் தாரைகள் கரண்டியை எதிர்கொள்கின்றன. இதனைத் தெறிப்பு முறை எனலாம். அக்கால வேகத்துக்கு இது போதுமானதாகவே இருந்தது, மலிவானதும்கூட.

பேரிங்கின் பரப்போ வெண்ணுலோகத்தால் ஆனது. 1839-இல் அமெரிக்கரான ஐசக் பாபிட் என்பவர் காப்புரிமை பெற்ற கலவையின் வழிவந்தது இது. வெள்ளீயத்தில் சிறிது ஆன்டிமனியும் செம்பும் சேர்த்துச் செய்யும் ஒரு வகை, 240 பாகை செல்சியசை ஒட்டி உருகத் தொடங்கும். அதன் மென்மையே அதன் சிறப்பு. எண்ணெயில் வரும் சிறு தூசு அதனுள் புதைந்துவிடுமாதலால் கிராங்க் தண்டு கீறப்படுவதில்லை. ஆனால் எண்ணெய்ப் படலம் ஒருகணம் அறுந்தாலும் தாங்கும் வலிமை அதற்கில்லை.

இனி வேகத்தைக் கவனிப்போம். அக்காலக் கார்களில் பின் அச்சின் பல்விகிதம் 4.11. டயரின் விட்டம் 28 அங்குலம் என்று கொண்டால், மணிக்கு 80 கிலோமீட்டரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,450 முறை சுழல்கிறது. 100 கிலோமீட்டரில் ஏறத்தாழ 3,070 முறை. பின்னதில் கரண்டி நொடிக்கு ஐம்பது முறைக்கு மேல் எண்ணெயில் மூழ்கி எழவேண்டும். 216-இன் பிஸ்டன்கள் வார்ப்பிரும்பாலானவை, கனத்தவை. பிஸ்டனை ஒவ்வொரு முனையிலும் நிறுத்தித் திருப்பும் விசை, சுழற்சி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து உயரும். 2,000 சுழற்சியில் உள்ள விசை 3,000-இல் ஒன்றரை மடங்கன்று, இரண்டேகால் மடங்கு ஆகும். பேரிங்கின் சுமை இவ்வாறு ஏற, எண்ணெய் வரும் முறையோ அதே கரண்டியும் குழியும்தான். புதிய நெடுஞ்சாலையில் பழைய காரை மணிக்கணக்கில் விரட்டுவோரின் எஞ்சினில் 'டக் டக்' என்ற ஓசை ஏன் எழுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

முகப்பிலுள்ள எண்ணெய் அழுத்தமானியும் இங்கு ஏமாற்றக்கூடும். அதன் அளவு 30 பவுண்டோடு முடிகிறது. ஊசி 15-க்கு அருகில் நின்றால் அது இவ்வெஞ்சினுக்கு இயல்பே. புதிய வண்டிகளுக்குப் பழகியவர் இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதேசமயம் ஊசி நன்றாக நிற்கிறது என்று மகிழவும் இடமில்லை. அது பம்பின் அழுத்தத்தைச் சொல்லுமேயன்றி, அழுத்தம் சென்று சேராத ராடு பேரிங்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எண்ணெய் மட்டத்தைக் கோல் விட்டு நாள்தோறும் பார்ப்பதும், குழிகளில் சேரும் கசடை அகற்றுவதுமே இவ்வெஞ்சினுக்குரிய பாதுகாப்பு.

இவ்வளவும் கூறியது 216-ஐப் பழிப்பதற்காக அன்று. மணிக்கு 60 கிலோமீட்டரில் அமைதியாகச் செல்லும் வண்டிக்கு அது இன்றும் போதும். பேரிங் சிறிது தேய்ந்தால் ராடு மூடியின் இடையிலுள்ள மெல்லிய தகடுகளில் ஒன்றை உருவி இடைவெளியைச் சரிசெய்யலாம். முற்றும் தேய்ந்தால் வெண்ணுலோகத்தை மீண்டும் உருக்கி வார்த்து, துளையிட்டு, சுரண்டிப் பொருத்த வேண்டும். அந்தக் கைத்திறன் உடையோர் இன்று அரிதாகிவிட்டதே இடர்ப்பாடு. ஒருவர் கிடைத்தாரானால், நிதானமாக ஓட்டுபவர் எஞ்சினை மாற்றாமல் அவரிடமே செல்வது நல்லது.

எந்த 235?

1953-இல் தானியங்கி கியர் கொண்ட கார்களுக்குரிய 235 எஞ்சினில் பெரும் மாற்றம் நிகழ்ந்தது. கிராங்க் தண்டினுள் துளையிட்டு ராடு பேரிங்குகளுக்கும் எண்ணெய் அழுத்தத்துடன் செலுத்தப்பட்டது. வார்த்த வெண்ணுலோகம் போய், எஃகு முதுகுடைய மெல்லிய ஓடு பேரிங்குகள் வந்தன; பிஸ்டன்கள் அலுமினியத்தால் ஆயின. அதே ஆண்டில் சாதாரண கியர் கொண்ட கார்களின் 235 பழைய முறையிலேயே நீடித்தது. 1954 முதல் எல்லா 235-களும் முழு அழுத்த முறைக்கு மாறின.

ஆகவே '235 ஒன்று கிடைத்துவிட்டது' என்று மகிழ்வதற்கு முன் அதன் ஆண்டை அறிய வேண்டும். 1941 முதல் 1952 வரையிலான 235-ஐ ஏற்றியவர் கொள்ளளவைப் பெற்றாரேயன்றி எண்ணெய் முறையைப் பெறவில்லை. சொல்லப்போனால் நிலைமை சற்று மோசமாகவும் ஆகலாம். வீச்சு நீண்டதனால் அதே சுழற்சியில் பிஸ்டன் வேகமாக ஓடுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுழற்சியில் 216-இன் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 9.5 மீட்டர் வேகத்திலும், 235-இன் பிஸ்டன் 10 மீட்டர் வேகத்திலும் செல்கின்றன.

அடையாளம் காண ஓர் எளிய குறி உண்டு. எஞ்சினின் உச்சியிலுள்ள வால்வு மூடியை, பழையவற்றில் நடுக்கோட்டில் நிற்கும் இரு மரைத்தண்டுகள் பிடித்திருக்கும். முழு அழுத்த எஞ்சினில் அடி விளிம்பிலுள்ள நான்கு திருகாணிகள் பிடித்திருக்கும். ஆனால் பல கை மாறிய எஞ்சினில் தலைப்பாகம் ஓர் எஞ்சினுடையதாகவும் உடற்பாகம் வேறொன்றினுடையதாகவும் இருத்தல் கூடும். பணம் கொடுக்குமுன் எண்ணெய்த் தட்டைக் கழற்றி, ராடின் அடியில் கரண்டி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுவதே உறுதியான சோதனை.

216 இருந்த இடத்தில் 1954-க்குப் பிந்தைய 235 ஏறத்தாழ அப்படியே அமர்கிறது. பழைய கிளச் கூண்டு பொருந்தும். கியர்பெட்டியைத் தொட வேண்டியதில்லை. இது சிறு நன்மையன்று. 1954 வரையிலான செவர்லே கார்களில் பின் அச்சு வண்டியைத் தள்ளும் விசை, உந்து தண்டை மூடியுள்ள குழாய் வழியாகவே முன்னுக்கு வருகிறது. குழாயின் முன்முனை கியர்பெட்டியோடு இணைந்துள்ளது. கியர்பெட்டியை மாற்றினால் பின் அச்சுவரை எல்லாவற்றையும் மாற்ற நேரும். குடும்பத்துக்குள்ளேயே எஞ்சினைத் தேடுவதன் பயன் இங்கே விளங்கும்.

'அப்படியே அமர்கிறது' என்று நான் சொன்னதில் 'ஏறத்தாழ' என்னும் சொல்லையும் படிக்க வேண்டும். எஞ்சினின் முன்புறத்தைச் சட்டத்தில் தாங்கும் தகடு ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும். பழைய தகட்டைப் புதிய எஞ்சினுக்கு மாற்ற, முன்னுள்ள பல்சக்கர மூடியைக் கழற்ற வேண்டும். 1955 முதல் நீர்ப்பம்பின் அமைப்பும் மாறிவிட்டது. அதை அப்படியே விட்டால் பழைய வண்டியில் விசிறி ரேடியேட்டருக்கு நேராக அமையாது. பழைய பம்பையே ஓர் இடைத்தகடு வைத்துப் பூட்டுவது வழக்கமான தீர்வு. ரேடியேட்டரை நகர்த்தச் சட்டத்தை வெட்டுவோரும் உண்டு. அது தவிர்க்கத் தக்கது.

மின்சாரத்தில் இன்னொரு சிக்கல். 1955-இல் செவர்லே 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறியது. அதனோடு பறப்புச் சக்கரத்தின் பற்களும் 139-லிருந்து 168 ஆயின. 6 வோல்ட் ஸ்டார்ட்டரை 168 பற்களோடு சேர்த்தால் பற்கள் பொருந்தாமல் அரைபடும். பழைய வண்டியின் கிளச் கூண்டு, பறப்புச் சக்கரம், ஸ்டார்ட்டர் ஆகிய மூன்றையும் ஒரு தொகுதியாகவே வைத்துக்கொண்டு, புதிய எஞ்சினை மட்டும் அதன் முன்னே பூட்டினால் இத்தொல்லை எழாது. அப்போது 6 வோல்ட் மின்கலமும் விளக்குகளும் அப்படியே இருக்கலாம். 36 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் எடுக்கும். 6 வோல்ட்டில் 6 ஆம்பியர். ஆகையால் பழைய வண்டியில் தடித்த கம்பிகளே இருக்க வேண்டும். 6 வோல்ட் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுழன்றால் பெரும்பாலும் குற்றம் மெல்லிய கம்பியிலும் துருப்பிடித்த இணைப்பிலுமே இருக்கும்.

261-ஐ ஏற்றுவோர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இதைத் தவறவிட்டால் நல்ல எஞ்சின் ஒன்று வீணாகும். அதில் துளைகளைப் பெரிதாக்கியதால் சிலிண்டர்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டன. ஒட்டிய சுவர்களுக்கிடையே நீர் ஓட வழியில்லை. அவ்விடத்தில் எழும் நீராவி சிக்கிக்கொள்ளாமல் தலைப்பாகத்துக்கு ஏறிச்செல்லச் சிறு துளைகள் விடப்பட்டுள்ளன. 235-இன் தலைப்பாகத்தில் அத்துளைகள் இல்லை. அதனை 261-இன் மேல் பூட்டினால் நீராவி அடைபட்டு, அவ்விடம் சூடேறி, கேஸ்கட் எரியும். 235-இன் தலையைப் பயன்படுத்தியே தீரவேண்டுமானால், 261-க்குரிய கேஸ்கட்டை வைத்துக் குறியிட்டு, அதே இடங்களில் துளையிட வேண்டும்.

திறன் கூடினாலும் பிரேக் கூடுவதில்லை என்பதையும் இங்கு குறிக்க வேண்டும். நாற்பதுகளின் வண்டியில் உள்ளவை அக்கால வேகத்துக்கான டிரம் பிரேக்குகள். வேகம் இருமடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும் என்னும் பாடம் எஞ்சினை மாற்றுபவருக்கும் பொருந்தும்.

குடும்பத்துக்கு வெளியே

அறுபதுகளின் தொடக்கத்தில் செவர்லே முற்றிலும் புதிய ஆறு சிலிண்டர் எஞ்சினை ஏழு முதன்மை பேரிங்குகளுடன் கொண்டுவந்தது. 230, 250, 292 என்பன அவ்வகை. நல்ல எஞ்சின்களே; ஆனால் பெயரளவில்தான் உறவு. கிளச் கூண்டின் துளைகள் வேறு, தாங்கும் இடங்கள் பக்கவாட்டில், ஸ்டார்ட்டர் உடற்பாகத்திலேயே. குழாய் மூடிய உந்து தண்டுள்ள காரில் இதை ஏற்றுவது ஏறத்தாழ வேறு வண்டி செய்வதற்கு ஒப்பாகும்.

நம் நாட்டில் எரிபொருட் செலவை முன்னிட்டு வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. இங்கிலாந்தின் பெர்க்கின்ஸ் நிறுவனம் முப்பதுகளின் பிற்பகுதியில் வெளியிட்ட பி6 டீசல் எஞ்சினைச் சென்னை சிம்ப்சன் நிறுவனம் ஐம்பதுகளில் செய்தது. பெட்ரோல் எஞ்சினை இறக்கிய லாரிகளில் ஏற்றுவதற்கு அது ஏற்றதாயிருந்தது. வியப்பு என்னவெனில், அதன் துளையும் 216-ஐப் போல 3½ அங்குலமே. வீச்சு மட்டும் 5 அங்குலம். டீசல் எஞ்சின் கனமானது, மெதுவாகச் சுழல்வது, ஆகவே முன் ஸ்பிரிங்குகளையும் பல்விகிதத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. பெட்ரோல் எஞ்சினின் உறிஞ்சு குழாயில் உண்டாகும் வெற்றிடத்தால் இயங்கிய பிரேக் துணைக்கருவிக்கு, டீசலில் தனியாக ஒரு வெற்றிடப் பம்பு தேவைப்பட்டது. பாரம் ஏற்றிப் பிழைக்கும் லாரிக்கு இம்மாற்றம் நியாயமானதே. பழமையைக் காக்க வேண்டிய காருக்கு அதனை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதில் சட்டமும் குறுக்கிடுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. எஞ்சின் எண், சிலிண்டர் எண்ணிக்கை, கொள்ளளவு யாவும் சான்றிதழில் உள்ளன. ஆகவே எஞ்சினை இறக்குமுன் பதிவு அதிகாரியை அணுகுதல் வேண்டும். மேலும் 2021 ஜூலையில் மத்திய அரசு தொன்மை வாகனங்களுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் அவற்றின்படி 'வி.ஏ.' எழுத்துகளுடன் பதிவு பெறலாம், கட்டணம் ரூ. 20,000. ஆனால் வண்டி அதன் மூல வடிவில் இருக்க வேண்டும். சட்டத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்யப்பட்டிருத்தல் ஆகாது. நெடுஞ்சாலையில் நிம்மதியாகச் செல்ல எஞ்சினை மாற்றியவர், அதனாலேயே தொன்மை வாகனம் என்னும் தகுதியை இழக்க நேரலாம். இரண்டில் எது வேண்டும் என்பதைப் பட்டறைக்குச் செல்லுமுன் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

எனவே எஞ்சினை மாற்றத் துணிந்தவர் சட்டத்தில் ஒரு துளையும் புதிதாக இடாமல், எதையும் வெட்டாமல், பழைய எஞ்சின் என்றேனும் திரும்பி ஏறும் வகையில் வேலை செய்விப்பது முறை. இறக்கிய எஞ்சினைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடலாகாது. உடற்பாகத்திலுள்ள நீரை முழுவதும் வடித்துவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எஞ்சின் எண்ணெய் ஊற்றி, கிராங்க் தண்டைக் கையால் இரண்டு மூன்று சுற்று சுற்றிப் பிளக்குகளைத் திரும்பப் பூட்ட வேண்டும். திறந்த வாய்களை எண்ணெய்த் துணியால் அடைத்து, தரையில் படாமல் மரக்கட்டைகள் மேல் நிறுத்த வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் சுற்றிவிட்டால் பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளா. எஞ்சின் எண்ணையும் இறக்கிய தேதியையும் தகரச் சீட்டில் பொறித்து அதனோடு கட்டிவைக்க வேண்டும். முன்தகடு, நீர்ப்பம்பு, பறப்புச் சக்கரம் முதலியவற்றுள் எவை வண்டியோடு போயின, எவை எஞ்சினோடு நின்றன என்பதையும் அச்சீட்டிலேயே குறித்துவிடலாம்.